மாட்டுத் தொட்டியில் கடல்நீச்சல்

நவம்பர் 10, திங்கள்

காலையில் தொட்டியில் இறங்கிய முதல் மூச்சிலேயே வாய்க்குள் வைக்கோல். கூடவே ஒரு வாய்த் தண்ணீரும் போய்விட்டது. நேற்று சாயங்காலம் சங்கிலியைக் கழுவிய தண்ணீரை மாற்றவே இல்லை. கேட்டால், "மோட்டாரு ஓடல மீனா" என்கிறார் வீட்டுக்காரர் சிவபாண்டியார். நான் போய்ச் சுவிட்சைத் தட்டினேன், ஓடியது. ஒன்றும் சொல்லாமல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். லேத்து மிஷினோடு நாள் முழுக்க இருந்து இருந்து மனுஷனுக்குப் பேச்சே மறந்துவிட்டது. பேசுவதெல்லாம் சங்கிலியிடம்தான்.

சங்கிலி ஜல்லிக்கட்டுக் காளை. எனக்கு ஒரு வருடம் முன்னால் இந்த வீட்டுக்கு வந்தது. அந்த சீனியாரிட்டியை அது ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. கொல்லையில் இந்த வட்டத் தொட்டியைக் கட்டியதும் அதற்காகத்தான். நீச்சல் விட்டால் காளைக்குத் தம் கூடும், தொடை இறுகும் என்பார். பெண்டாட்டிக்கும் அதே இரண்டும் தேவைப்படும் என்று கட்டும்போது நினைத்திருக்க மாட்டார்.

எல்லாம் ஆபீஸ் ரூபினாவின் வேலை. மார்ச் முதல் ஞாயிறு தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் டிரையத்லான். முதலில் கடலில் நீச்சல், கரையேறிய ஈரத்தோடு சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். தன் பெயரைப் பதிந்த கையோடு என் பெயரையும் பதிந்துவிட்டாள். சைக்கிளும் ஓட்டமும் சரி. நீச்சலில் நான் அன்றைக்குக் கடப்பாரை. ஊரிலுள்ள நீச்சல் குளங்களில் பெண்களுக்கு ஒதுக்கிய நேரமெல்லாம் நான் தல்லாகுளத்தில் நில அளவை ஆபீஸில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போடுகிற நேரம். ஆகவே மாட்டுத் தொட்டி. ஆடி மாதத்திலிருந்து.

முதலில் நான் நீந்துவேன். அப்புறம் சங்கிலி. இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டியின் விளிம்போடு நடப்பார், அது உள்ளே சுற்றும். கடைசியில் நான் தொட்டிக்குள் இறங்குகிற சரிவில் உட்கார்ந்து தண்ணீரைக் கையால் பட்பட்டென்று அடிப்பேன். பக்கத்தில் அலுமினியப் பேசினில் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் என்னை நோக்கி வந்துவிடும். இந்த வீட்டில் என் சொல்லுக்கு மரியாதை அந்த ஒரு நிமிஷம்தான்.

நவம்பர் 13, வியாழன்

விடிய விடிய மழை. தொட்டியில் ஒரு தவளை. அது நீந்தியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைவிட நன்றாகவே நீந்தியது.

நவம்பர் 23, ஞாயிறு

இன்றைக்கு நிற்காமல், சுவரைத் தொடாமல், எனக்கே அலுத்துப்போகிற வரைக்கும் சுற்றினேன். மூச்சு வாங்கவில்லை! ரூபினாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மாஷா அல்லாஹ், மீனாக்கா கடலையே சுத்தி வந்துருவீக போலயே" என்றாள். அவளுக்கென்ன, கோரிப்பாளையத்திலிருந்து தினமும் விடிகாலையில் அண்ணன் காரில் தெரிந்தவர் வீட்டுக் குளத்துக்குப் போய் நல்ல நீலத் தண்ணீரில் நீந்துகிறாள். வாயில் வைக்கோல் வந்திருக்குமா அவளுக்கு?

கடலுக்கு முன்னால் ஒருதடவை கண்மாயில் நீந்திப் பார்த்துவிடணும் என்கிறாள். மழை நின்றதும் போகலாம்.

இவர் சரிவில் நின்று சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மேல் இவர் கைலி நனைந்து நான் பார்த்ததே இல்லை. அம்புட்டு சுத்தம்.

டிசம்பர் 14, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ரூபினாவோடு கண்மாய்க்குப் போனேன். விமான நிலையத்தைத் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே. தண்ணீர் கரை தளும்ப நின்றது. எதிர்க்கரையில் ஒற்றைப் பனைமரம். அதைப் பார்த்து நேராகப் போய்த் தொட்டுவிட்டு வருவதாகத் திட்டம். ரூபினா கரையில் நின்றாள்.

நன்றாகத்தான் போனேன். சத்தியமாக நன்றாகத்தான் போனேன். கை விழுந்தது, மூச்சு வந்தது, பனைமரம் பக்கத்தில் வந்திருக்கும் என்று தலையைத் தூக்கினால் — எதிரே ரூபினா நிற்கிறாள்! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கிளம்பிய அதே இடத்தில். ஒரு நிமிஷம் நான் எந்தக் கரையில் இருக்கிறேன் என்றே புரியவில்லை. இவள் எப்போது அந்தப் பக்கம் போனாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு மறுபடி கிளம்பினேன். மறுபடியும் அதே. மூன்றாம் தடவை நடுவில் தலையைத் தூக்கியபோது பனையும் இல்லை, ரூபினாவும் இல்லை, வெறும் கருவேலம் புதர். அங்கேதான் பயம் பிடித்தது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. எட்டிப் பிடிக்கச் சுவரும் இல்லை. தண்ணீர் மூக்கில் ஏறியது. மல்லாந்து மிதந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே காலை உதைத்து எங்கேயோ கரை சேர்ந்தேன். ரூபினா புதருக்குள் முள்ளெல்லாம் மிதித்து ஓடி வந்தாள்.

"யா அல்லாஹ்... என்னக்கா இது, செக்கு மாடு மாதிரி சுத்துறீக?" அவள் சிரிக்கவில்லை. அழுதாள்.

செக்கு மாடு. நாள் முழுக்க ஸ்கேல் வைத்து நேர்கோடு போடுகிறவள் நான்.

டிசம்பர் 15, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். குழாய்!

தொட்டிச் சரிவில் இறங்கினால் இடப்பக்கம் மோட்டார் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பினால் இடிக்கும். அதனால் இறங்கியதும் வலப்பக்கம் ஒதுங்கி, சுவரை வலது கைப் பக்கம் வைத்து, இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து வட்டம். அஞ்சு மாசமாக. உடம்புக்கு அதுதான் நேர் என்று ஆகிவிட்டது. எம்புட்டு மடத்தனம்!

சங்கிலி இறங்கும்போதும் நின்று பார்த்தேன். குழாயில் கொம்பு இடிக்கும் என்று இவர் அதையும் இடப்பக்கமாகவேதான் சுற்றவிடுகிறார். மூன்று வருஷமாக. கயிறு எவ்வளவு சுண்டினாலும் அது வேறு பக்கம் நினைப்பதே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். கண்மாயில் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "சங்கிலியும் அப்படித்தாங்க. கயிறு இல்லாம பெரிய தண்ணியில விட்டா அதுக்கும் கரை தெரியாது" என்றேன்.

இவர் தட்டைத் தள்ளிவிட்டார். இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவை.

"மாடு மாடு மாதிரி நீந்தும். அதுக்குச் சொல்லிக்குடுக்க வந்துட்டியா? நீ முதல்ல ஒழுங்கா நீந்து."

அவ்வளவுதான். கை கழுவிவிட்டுப் போய்விட்டார். நான் தண்ணீரில் சாகப் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை! உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரசம் ஆறிப்போனது.

டிசம்பர் 16, செவ்வாய்

பேசவில்லை. நானும், அவரும். சங்கிலி மட்டும் வழக்கம்போல.

டிசம்பர் 28, ஞாயிறு

மறுபடி கண்மாய். இந்தத் தடவை ரூபினாவின் அண்ணன் கொடுத்த மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கிப் பனைமரத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் மருந்து. வீடியோவில் எல்லாரும் சொல்வது. நான்தான் தொட்டியில் எதைப் பார்க்க என்று விட்டுவிட்டேன். பார்க்காமல் போனால் இன்னும் இடப்பக்கம்தான் இழுக்கிறது. பார்த்துப் பார்த்துப் போனால் பனை பக்கத்தில் வருகிறது. இன்றைக்கு அதன் வேரைத் தொட்டேன். தொட்டுவிட்டு அழுகை வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல?

ஜனவரி 12, திங்கள்

சங்கிலிக்கு எங்கள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் டோக்கன் கிடைக்கவில்லை. ஊர்க் காளைக்கே ஊர் வாடியில் இடமில்லை. இவர் போனையே பார்த்துக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்திருந்தார். சண்டையை மறந்து காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "இருபத்தஞ்சாந் தேதி தெக்க ஒரு ஊர்ல நடக்குது. அங்க போறோம்" என்றார். என்னிடம் சொன்னாரா, சங்கிலியிடமா? நான் என்னிடம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். சங்கிலிக்குக் கொம்பில் பெயிண்ட், கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். எனக்குப் புதுச் சேலை. "சேலை நல்லாருக்கு" என்றார். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை. என்னைத்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

எப்படியும் இன்னைக்கே எழுதணும்.

காலையில் வேனில் சங்கிலியை ஏற்றிக்கொண்டு இவரும் பட்டறைக்காரர்களும் போனார்கள். நான் ஸ்கூட்டரில் பின்னால் போய் அந்த ஊரில் இவருடைய சித்தி வீட்டு மாடியில் நின்றேன். பத்து மணி வாக்கில் மைக்கில் சங்கிலி பெயர். வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை. ஒருத்தன் திமிலைத் தொட்டான், அடுத்த நொடி மண்ணில் கிடந்தான். மாடு பிடிபடவில்லை! மாடியில் குதித்தேன். சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார்.

அரை மணி கழித்து இவர் போன். காளைகள் வந்து சேருகிற இடத்துக்குச் சங்கிலி வரவில்லை. கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு எங்கேயோ ஓடிவிட்டது. இது நடப்பதுதான், சாயங்காலத்துக்குள் யாராவது பிடித்துக் கட்டியிருப்பார்கள் என்றார். குரல் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த போன் பட்டறை மலையாண்டி அண்ணன். "தங்கச்சி, கண்மாய்க்குள்ள விழுந்துருச்சும்மா. கரையேற மாட்டேங்குது. சீக்கிரம் வா, உம் வீட்டுக்காரன் நெலம சரியில்ல."

ஸ்கூட்டரை எங்கே போட்டேன் என்றே ஞாபகமில்லை. கரை முழுக்க ஆள். விசில், கூச்சல், எல்லார் கையிலும் போன். நடுத் தண்ணீரில் சங்கிலியின் தலை மட்டும். மூக்கில் நுரை.

சுத்துது. இடப்பக்கமா. தொட்டியில சுத்துற அதே வட்டம்.

கரைப் பக்கம் கொஞ்சம் வரும். உடனே கூச்சல். மறுபடி இடப்பக்கம் திரும்பி உள்ளே போகும். வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்துத்தானே விடுவார்கள். இழுக்க ஒரு கயிறும் இல்லை, அது கயிற்றுக்காகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு பையன்கள் நீந்திப் போய்ப் பார்த்தார்களாம். கொம்பை ஆட்டவும் திரும்பி வந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். சங்கிலியின் தலை ஒவ்வொரு சுற்றுக்கும் தாழ்ந்துகொண்டே வந்தது.

இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மலையாண்டி அண்ணன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தார். "விடுங்கண்ணே, நான் போறேன்" என்று திமிறுகிறார். அண்ணன் என்னைப் பார்த்து, "நீச்சலே தெரியாதவனை எப்படிம்மா விடுறது?" என்றார்.

நீச்சல் தெரியாது!

மூன்று வருஷமாகக் காளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மனுஷனுக்கு. கொல்லையில் தொட்டி கட்டியவருக்கு. முழங்காலுக்கு மேல் கைலி நனையாதது சுத்தத்துக்காக இல்லை. அந்த நேரத்திலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்புறம் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. "யாரும் விசிலடிக்காதீக! இந்தப் பக்கம் பூராம் விலகுங்க! வாய மூடுங்க எல்லாரும்!" இந்தக் கண்மாயிலும் ஒரு பனை நின்றது, அந்தக் கரையைக் காட்டினேன். மலையாண்டி அண்ணன் ஆட்களை நெட்டித் தள்ளினார். துப்பட்டாவை எறிந்துவிட்டு இறங்கினேன். "மீனா, வேணாம்" என்று இவர் சொன்னது காதில் விழுந்தது.

பயமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். பக்கத்தில் போனபோது அதன் கண் வெள்ளையாகத் தெரிந்தது. என்னை அது அடையாளம் கண்டமாதிரியே இல்லை. கொம்பு படாத தூரத்தில் நின்று மிதந்துகொண்டு தண்ணீரைக் கையால் அடித்தேன். பட். பட். பட். "சங்கிலி! வாடா! பருத்திக்கொட்டை வச்சிருக்கேன், வா!"

ஒரு சுற்று போனது. நான் இருப்பதே தெரியாத மாதிரி. மறுபடி அடித்தேன். காது இரண்டும் முன்னால் வந்தது.

திரும்பிப் பனைமரத்தைப் பார்த்து நீந்தினேன். நான் வளைந்தால் அதுவும் என் பின்னாலேயே வளையும். அது மட்டும்தான் மனதில். நாலு கை போடுவேன், தலையைத் தூக்கிப் பனையைப் பார்ப்பேன், தண்ணீரை அடிப்பேன், மறுபடி நாலு கை. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறதா இல்லையா? புஸ் புஸ் என்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றுவிடக்கூடாது என்று எந்த சாமியையும் விடாமல் கூப்பிட்டேன்.

காலில் சேறு பட்டது. எழுந்து நிற்பதற்குள் அது என்னை உரசிக்கொண்டு கரையேறியது. கொம்பு தோளைக் கிழித்துவிட்டது, ஆழமில்லை. கரையில் நாலு காலும் நடுங்க நின்றது. அப்புறம் கழுத்தை நீட்டி என் கையை மோந்து பார்த்தது. இரண்டு கையிலும் ஒன்றுமில்லை. நெற்றியால் என் வயிற்றில் ஒரு முட்டு. பருத்திக்கொட்டை எங்கே என்கிறது!

இவர் கரையைச் சுற்றி ஓடி வந்தார். சங்கிலியிடம்தான் முதலில் போவார் என்று பார்த்தேன். என்னிடம் வந்தார். தோளைப் பார்த்தார், துண்டால் அழுத்தினார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"சின்னதுல கெணத்துல தள்ளிவிட்டாங்ய. அதுலருந்து எனக்குத் தண்ணின்னா பயம் மீனா."

அத்தனை பேர் பார்க்க அழுதார்.

ஜனவரி 26, திங்கள்

நாலு தையல். ஊசி. உடம்பெல்லாம் அடித்துப் போட்டமாதிரி வலி. மாட்டு டாக்டர் வந்து, சங்கிலிக்குக் களைப்பைத் தவிர ஒன்றுமில்லை என்றார். அரைத்தூக்கத்தில் வெண்மையான அந்தக் கண் வருகிறது. நேற்று நடந்தது நிஜமாக நடந்ததா என்று தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரி 29, வியாழன்

ஆபீஸிலிருந்து வந்தால் கொல்லையில் தொட்டி காலி. உள்ளே இவர் பனியனோடு நிற்கிறார். மோட்டார் குழாயைக் காணோம். பட்டறையில் ஒரு வளைவுக் குழாய் செய்து எடுத்துவந்து, குழாயை விளிம்புக்கு மேலே ஏற்றிவிட்டார். இருந்த இடத்தைச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்.

"இனிமே ரெண்டு பக்கமும் சுத்தலாம்."

"யாரு? நானா, சங்கிலியா?"

"ரெண்டு பேருந்தான்." பூசுகரண்டியை நிறுத்தவில்லை. "அன்னைக்கு நீ சொல்லும்போதே வெளங்குச்சு. வெளங்கவுந்தான் கோவம் வந்துச்சு."

தட்டைத் தள்ளிய அந்த ராத்திரி! நாற்பத்தைந்து நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு இப்போது சொல்கிறார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். முழங்கை வரைக்கும் சிமெண்டோடு நின்றார். வடை போடப் போய்விட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தையல் பிரித்து ஒரு வாரம். இன்றைக்கு வலப்பக்கம் சுற்றினேன். புது ஊருக்குப் போனமாதிரி இருந்தது. சங்கிலி இன்னும் அடம்பிடிக்கிறது.

பிப்ரவரி 28, சனி

ரூபினாவின் அண்ணன் காரில் கிளம்புகிறோம். இவரைக் கூப்பிட்டேன். "நானும் வந்துட்டா மாட்டை யாரு பாக்குறது?" என்றார். அதுவும் சரிதான். இருந்தாலும் கூப்பிட்டதற்கு யோசிக்கவாவது செய்திருக்கலாம்.

மார்ச் 1, ஞாயிறு

தங்கியிருக்கிற அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கால் தூக்க முடியவில்லை.

கண்மாய் மாதிரி இல்லை கடல். சும்மா நிற்கவிடவில்லை. போகும்போது சரி, மஞ்சள் மிதவைகள் தெரிந்தன. திரும்பும்போது முதுகுப் பக்கம் வெயில், எதிரே மணலும் நுரையும் கண்ணைக் கூசவைத்தன. கரை முழுக்க ஒரே வெளிச்சம், கொடி எது ஆள் எது என்று தெரியவில்லை. அலை தூக்கும்போது பார்க்கிறேன், ஒன்றுமில்லை. அடுத்த அலையிலும் ஒன்றுமில்லை. உடம்பு இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது எனக்கே தெரிந்தது. அந்தப் பழைய பயம் வந்துவிட்டது.

அப்போது ஒன்று பளீரென்று மின்னியது. அணைந்தது, மறுபடி மின்னியது. அதைப் பார்த்தே கை போட்டேன். நாலு கை, ஒரு பார்வை. பக்கத்தில் வர வரத்தான் தெரிந்தது — அலுமினியப் பேசின். சங்கிலியின் பேசின்! அதைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, மறு கையால் தண்ணீரைப் பட்பட்டென்று அடித்துக்கொண்டு ஒரு ஆள். அலை வந்து நெஞ்சில் மோதுகிறது. கைலி மிதக்கிறது. ஆள் அசையவில்லை.

மலையாண்டி அண்ணனிடம் மாட்டை விட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"மீனா! வா! இங்கிட்டு வா!"

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். தரை தட்டி எழுந்து நின்றேன். பேசினை எட்டிப் பார்த்தேன். உள்ளே பேரீச்சம்பழம், பிளாஸ்டிக் பையில் கட்டி, நனையாமல். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

"ரூபினா எங்க?" என்றார்.

"பின்னால வாரா."

"சரி, நீ ஓடு."

சைக்கிள் நிற்கிற இடத்துக்கு ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் கரையேறவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்று, பேசினைத் தூக்கிப் பிடித்து, ரூபினாவுக்காகத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.